ஏழாம் வரிசை, நடு இருக்கை

ஏழாம் வரிசையின் நடு இருக்கையில் உட்கார்ந்துவிட்டால் வெளியே வருவது லேசுப்பட்ட காரியமில்லை என்பது வால்பர்காவுக்குக் கல்யாணமான வருஷத்திலிருந்தே தெரியும். வியன்னாவில் வரிசையைக் கடந்து போகிறவர்கள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முகத்தைக் காட்டியபடிதான் நகர வேண்டும். முதுகைக் காட்டினால் அம்மா வளர்த்த விதத்தைப் பற்றிக் காதுபடப் பேசுவார்கள். ஆகவே நடுவிலிருந்து எழுந்தவள் ஒவ்வொருவரிடமும் சிரித்து, மன்னிப்புக் கேட்டு, "உடம்புக்கு ஒண்ணுமில்லையே பாடகரம்மா?" என்ற விசாரிப்புக்குப் பதில் சொல்லித்தான் வெளியேற முடியும். கொட்டகை தீப்பிடித்தாலும் அவள் அப்படித்தான் போயாக வேண்டியிருக்கும்.

பாடகரம்மா என்ற பட்டம் அவள் கணவர் ஆல்ஃபோன்ஸ் நவ்ராதில் வழியாக வந்தது. அவர் குரல் நன்றாக இருந்த காலத்தில் அரசாங்கம் அவருக்குப் பாடகர் பட்டம் கொடுத்தது. வழக்கறிஞர் மனைவி வழக்கறிஞரம்மா ஆகிற ஊர் இது. அவளும் பாடகரம்மா ஆனாள். உண்மையில் அந்தப் பேட்டையில் பாதிப் பிள்ளைகளுக்குப் பாட்டும் பியானோவும் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். ஆனால் அதற்காக யாரும் அவளை அப்படிக் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டம். நூறு வருஷமாக வியன்னாக்காரர்கள் அலுக்காமல் பார்க்கும் இசை நாடகம். ஒரு தளபதி மூன்று பெண்களுக்கு மோதிரம் போட்டுவிட்டு, மூன்று பேரையும் ஒரே சத்திரத்தில் தெரியாமல் தங்கவைத்துவிடுகிறார். முதல் அங்கத்தில் ஒளிப்பது, இரண்டாம் அங்கத்தில் மாட்டிக்கொள்வது, மூன்றாம் அங்கத்தில் எல்லையைத் தாண்டி ஓடப் பார்ப்பது. அந்த எல்லைச் சாவடியில் சாராயம் குடித்துவிட்டுப் பெட்டிகளைச் சோதிக்கும் சுங்க அதிகாரி ஒருவர் வருவார். அவருக்குப் பாட்டே கிடையாது, பேச்சு மட்டும்தான். அதையும் எழுதிவைத்தபடி பேச வேண்டியதில்லை. ஊர் வம்பையெல்லாம் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துப் போட்டு அவர் மனம்போலப் பேசலாம் என்பது வழிவழியாக வந்த வழக்கம். ஜனங்கள் பாதி அதற்காகத்தான் வருகிறார்கள்.

ஒருகாலத்தில் தளபதியாகப் பாடிய ஆல்ஃபோன்ஸ்தான் இப்போது சுங்க அதிகாரி. குரல் போனாலும் அவருக்கு வாய் மிச்சமிருந்தது. அந்த வாய்க்குத் தினசரித் தீனி வால்பர்கா.

பெட்டிக்குள்ளிருந்து ஒரு சமையல் துணியை எடுத்து உதறி, "இது என் பெண்டாட்டியோடது. புர்கி, எங்க இருக்க?" என்று இருட்டுக்குள் கேட்பார். "இங்கதான் இருக்கேன்" என்று அவள் ஏழாம் வரிசையிலிருந்து சத்தமாகச் சொல்ல வேண்டும். அரங்கமே திரும்பிப் பார்க்கும். அப்புறம் அவளைப் பற்றி ஏதாவது ஒன்று. ஒரு வருஷம் அவள் மாவுருண்டை கல்லாக இருக்கும் என்றார். மாணவர்களின் தாய்மார்கள் அவளுக்குப் பக்குவம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். இன்னொரு வருஷம் அவள் பியானோவுக்குள் பிளம் சாராயப் புட்டி ஒளித்துவைத்திருப்பதாகச் சொன்னார். அதற்கப்புறம் ஒரு அம்மாள் பாடம் முடிந்ததும் மகளின் டீச்சர் பக்கத்தில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். அடுத்த மாதம் அந்தப் பெண் வேறு டீச்சரிடம் போய்விட்டாள். மேடையில் சொன்னால் அந்தப் பேட்டைக்கு அது வேதவாக்கு.

இன்று முதல் அங்கம் முடிந்து விளக்கு போட்டதும், இடப்பக்கம் உட்கார்ந்திருந்த நாத்தனார் ஹெட்விக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள்.

"என்னன்னு சொல்லிட்டுச் சிரியேன் ஹெட்விக்."

"சொல்லக் கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கியிருக்கார், அண்ணி."

"அப்ப சொல்லத்தான் போற."

ஹெட்விக்கின் வாய் ஓட்டைப் பானை. "இன்னைக்குப் புதுசா ஒண்ணு வெச்சிருக்கார். உங்களக் கூப்பிடுவார்ல, அதச் சத்தமா கூப்பிட மாட்டாராம். மூணு தடவ, மெதுவா, உங்க வலது பக்கமிருந்து. உங்களுக்குத்தான் அது கேக்காதே. நீங்க பதில் சொல்லாம முழிப்பீங்க. அப்ப சபையப் பாத்து, 'பாருங்க, ஊருக்கே பாட்டுச் சொல்லித்தர்றா, புருஷன் கூப்பிடறது காதுல விழல. வலது காது செவிடு'ன்னு ஒரு போடு. காலைல சவரம் பண்ணும்போது சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். கன்னத்தக்கூட வெட்டிக்கிட்டார்."

இலையுதிர் காலத்தில் ஒருநாள் காலை எழுந்தபோது வலது காதில் சத்தமே இல்லை. இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது காதை வைத்துக்கொண்டே அவளால் ஒரு பிள்ளையின் அபசுரத்தைப் பக்கத்து அறையிலிருந்தும் பிடிக்க முடியும். பியானோவை எதிர்ச்சுவருக்கு மாற்றி, பிள்ளைகள் தன் இடது பக்கம் நிற்கும்படி ஏற்பாடு செய்துகொண்டாள். யாருக்கும் தெரியாது. ஏன் மாற்றினாய் என்று குடைந்த புருஷனுக்கு மட்டும் சொன்னாள், அதுவும் அழுதுகொண்டே. செவிட்டு டீச்சரிடம் எந்த அம்மாள் பிள்ளையை அனுப்புவாள்? ஈஸ்டருக்குள் வீடு காலியாகிவிடும். அவள் கைக்கென்று இருந்தது அந்தப் பிள்ளைகள் மட்டும்தான்.

"உனக்கு எப்படித் தெரியும், என் காது விஷயம்?"

"அண்ணன் சொன்னார். அன்னைக்கே சொல்லிட்டாரே." ஹெட்விக் அதை ஒரு பெருமையாகவே சொன்னாள்.

முதலில் ஓடிப்போய்விடலாமென்றுதான் வால்பர்கா நினைத்தாள். ஆனால் வெளியே பனி முழங்கால் உயரம். அவள் கோட்டு, கோட்டுகளை வாங்கி வைக்கும் அறையில் தொங்குகிறது, அதைத் திரும்ப வாங்குவதற்கான நம்பர் போட்ட பித்தளை வில்லை ஹெட்விக்கின் கைப்பைக்குள் இருக்கிறது. கேட்டால், "இப்ப எதுக்கு? அண்ணன் வர்ற நேரத்துல போயிட்டா அவர் மனசு என்ன பாடுபடும்?" என்பாள். போனாலும் பயனில்லை. காலி இருக்கையும் பதில் சொல்லாது. அவருக்கு வேண்டியது அந்த மௌனம்தான்.

எழுந்து, முகம் முகமாகச் சிரித்துக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்து, மேடைக்குப் பின்புறக் கதவுக்குப் போனாள். அங்கே காவலுக்கு உட்கார்ந்திருந்த திரு ஹோலுப் பத்திரிகையை மடிக்கவில்லை.

"மூணாம் அங்கம் முடியற வரைக்கும் அவர் யாரையும் பாக்க மாட்டார், பாடகரம்மா. ராசின்னு சொல்லுவார். உங்களுக்குத் தெரியாததா?"

"ஒரே ஒரு வார்த்த. ரொம்ப முக்கியம்."

"முக்கியமான வார்த்ததான் ராசிய கெடுக்கும்னுதான் அவர் பயப்படறார்." அவர் பத்திரிகையின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அவள் அரங்கத்துக்குத் திரும்பினாள். அரங்கத்தின் பின்சுவரோரம் நின்று பார்ப்பவர்களுக்கான கம்பித் தடுப்பு. அதில் வரிசையாகக் கழுத்துத் துணிகள் கட்டியிருந்தன. இடைவேளைக்குப் போனவர்கள் தங்கள் இடத்தைப் பிடித்து வைக்கும் முறை அது. ஒரு நூல் துணி கட்டிவிட்டால் போதும், அந்த இடத்தில் ராஜா வந்தாலும் நிற்க மாட்டார். பச்சைத் துணி ஒன்றின் கீழே படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு பெண்மணி வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள். நடுவே பொரித்த இறைச்சி வைத்த ரொட்டி. ஷூவைக் கழற்றி வைத்துக் கால்விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

வால்பர்கா அவள் முன்னால் நின்றாள். என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"உங்களுக்குக் காது நல்லா கேக்குமா?"

அந்தப் பெண்மணி ரொட்டியைக் கீழே இறக்கினாள். "முப்பது வருஷம் டிராம் ஓட்டினவ. பின்பெட்டில ஒருத்தன் கெட்ட வார்த்த சொன்னாலும் முன்னாடி எனக்குக் கேக்கும். எதுக்கு?"

"என் சீட்ட எடுத்துக்கோங்க. ஏழாம் வரிசை, நடுவுல. நான் இங்க நின்னுக்கறேன்."

"சீட்டுல ஆணி எதாவது நீட்டிக்கிட்டிருக்கா?"

"இல்ல."

"பக்கத்துல நாத்தம் புடிச்ச ஆளா?"

"என் நாத்தனார்."

"ஓ." டிராம்காரி அதைப் புரிந்துகொண்ட மாதிரி தலையை ஆட்டினாள். பெயர் ஸ்டெஃபி கோளாரிக் என்று சொன்னாள். "சும்மா யாரும் நடு சீட்டக் குடுக்க மாட்டாங்களே. என்ன வேணும் உங்களுக்கு?"

வால்பர்கா சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், காதையும் சேர்த்து. டாக்டருக்கும் புருஷனுக்கும் அடுத்தபடியாக அவள் தன் வாயால் அதைச் சொன்னது முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், அதுவும் ஷூ போடாமல் உட்கார்ந்திருந்த ஒருத்தியிடம்.

"அந்தச் சுங்கக்காரர் உங்க வீட்டுக்காரரா?" ஸ்டெஃபி கேட்டாள். "நான் மூணு தடவ பாத்துட்டேன் இத. நானும் உங்களப் பாத்துச் சிரிச்சிருக்கேன். அந்தப் பியானோ சாராயத்த நம்பவும் செஞ்சேன்."

"எல்லாரும் நம்பினாங்க."

"என்ன சொல்லணும் நான்?"

"'இங்கதான் இருக்கேன்'. அவ்வளவுதான். மூணு தடவ கூப்பிடுவார். ரொம்ப மெதுவா இருக்கும்."

"மெதுவாத்தான் பேசுவாங்க, டிக்கெட் எடுக்காதவனுங்க" என்று ஸ்டெஃபி ஷூவை மாட்டினாள். "விளக்கு அணைஞ்சப்புறம்தான் உள்ள போவேன். இல்லன்னா உங்க நாத்தனார் கத்துவா."

கடைசி மணி அடித்தது. விளக்கு மங்கும்போது ஸ்டெஃபி வரிசைக்குள் நுழைந்தாள். ஒவ்வொருவருக்கும் முகம் காட்டி, மரியாதையாகத்தான் நகர்ந்தாள். நடுவில் போய் உட்கார்ந்ததும் ஹெட்விக்கின் தலை வெடுக்கென்று திரும்புவது பின்சுவரிலிருந்தே தெரிந்தது. பிறகு அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது. ஆனால் வாத்தியங்கள் தொடங்கிவிட்டன. இருட்டில், பாட்டுக்கு நடுவே, வரிசை நடுவிலிருந்து எழுந்துபோய் அண்ணனிடம் கோள் சொல்ல ஹெட்விக்கால் முடியாது. அவளும் அங்கே மாட்டிக்கொண்டாள். அந்த மத்தியானத்தில் வால்பர்காவுக்குக் கிடைத்த முதல் சந்தோஷம் அதுதான்.

இரண்டாம் அங்கம் ஓடியது. அவள் பச்சைத் துணியின் முடிச்சைப் பிடித்தபடி நின்றாள். தளபதி மாட்டிக்கொண்டார், மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் பாடினார்கள், ஜனங்கள் சிரித்தார்கள். அவளுக்கு எதுவும் ஒட்டவில்லை. வலப்பக்கம் நின்ற இளைஞன் ஏதோ கேட்டிருக்க வேண்டும். அவள் திரும்பியபோது, திமிர் பிடித்தவள் என்ற முடிவுக்கு அவன் வந்துவிட்டது முகத்தில் தெரிந்தது. இப்படித்தான் ஆகப்போகிறது இனி என்று நினைத்தாள். ஒன்று திமிர்பிடித்தவள், இல்லையென்றால் செவிடு. இரண்டில் எது தேவலை என்று அவளுக்குத் தெரியவில்லை.

சின்னத் திரை மாற்றத்துக்குப் பிறகு எல்லைச் சாவடி வந்தது. தொப்பி ஒருபக்கம் சரிய ஆல்ஃபோன்ஸ் தள்ளாடி வந்தார். அவர் வாய் திறப்பதற்கு முன்பே கைதட்டல். பெட்டிகளைத் திறந்தார். டிராம் வராததைப் பற்றி, காபி விலையைப் பற்றி, மேல்மாடியில் குடியிருப்பவனின் நாயைப் பற்றிப் பேசினார். திறமைசாலிதான், அதில் சந்தேகமில்லை. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் ஏப்பம் விட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். சமையல் துணியை எடுத்து உதறியதும் ஜனங்கள் முன்கூட்டியே சிரிக்கத் தொடங்கினார்கள்.

அவர் விரலை உதட்டில் வைத்து அரங்கத்தை அமைதியாக்கினார். மேடையின் ஓரத்துக்கு, அவளுடைய இருக்கைக்கு வலப்பக்கமாக, பூனைபோல நடந்தார். குனிந்தார். பின்சுவரிலிருந்த வால்பர்காவுக்கு அவர் உதடுகள் மட்டும் அசைவது தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. நல்ல காதை மேடைப்பக்கம் திருப்பியும் கேட்கவில்லை. அவள் கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

"இங்கதான் இருக்கேன்" என்று ஏழாம் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. டிராமின் கடைசிக் கதவுவரை எட்டிப் பழகிய குரல்.

முதலில் சிரித்தது அந்த வரிசைதான். பாடகரம்மாவின் இருக்கையில் கம்பளிச் சட்டையோடு யாரோ உட்கார்ந்து பதில் சொல்வதை அவர்கள் பார்த்துவிட்டார்கள். பக்கத்து வரிசைகள் எட்டிப் பார்த்துச் சிரித்தன. ஆல்ஃபோன்ஸ் நிமிர்ந்தார். செவிடு என்ற வார்த்தையை நாக்கு நுனிவரை கொண்டுவந்திருந்தவர் அதை அப்படியே விழுங்க வேண்டியிருந்தது. முகத்தில் விழும் விளக்கில் அவருக்கு எந்த முகமும் தெரியாது. இன்னும் குனிந்து, இன்னும் மெதுவாகக் கூப்பிட்டார்.

"இங்கதாங்க இருக்கேன்."

மூன்றாம் முறை அவர் வெறும் உதட்டைத்தான் அசைத்தார் என்று முன்வரிசைக்காரர்கள் பிற்பாடு சொன்னார்கள். ஆனால் மூன்று முறை என்று ஸ்டெஃபியிடம் முதலிலேயே சொல்லிவைத்தாகிவிட்டது.

"எத்தன தடவதான் சொல்றது? இங்கதான் இருக்கேன். உங்களுக்குத்தான் காது கேக்கல போல."

கொட்டகை அதிர்ந்தது. மேல்தட்டில் யாரோ காலால் தரையை உதைத்துச் சிரித்தார்கள். ஆல்ஃபோன்ஸ் ஒரு விநாடி வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு, சிரிப்பு எதற்காக இருந்தாலும் அது தனக்குத்தான் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கத்தில், தொப்பியைக் கழற்றி வணங்கினார்.

வால்பர்கா மட்டும் சிரிக்கவில்லை. பிழைத்தோம் என்ற நிம்மதி கால்வரை இறங்கியது. அதன் பின்னாலேயே வேறொன்று வந்தது. அது தன் குரல் இல்லை என்று அவருக்குத் தெரியவில்லையே. பாடகர். பக்கத்துத் தெருவில் வயலின் தந்தி இறங்கியிருந்தால்கூடச் சொல்லிவிடும் காது. இத்தனை வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்ட பெண்டாட்டியின் குரலையும் டிராம்காரியின் குரலையும் அந்தக் காது பிரித்துப் பார்க்கவில்லை. அவளுக்கு அது வலித்தது, காது போனபோது வலித்ததைவிட.

ஆட்டம் முடிந்ததும் ஸ்டெஃபி வந்து பச்சைத் துணியை அவிழ்த்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள். "கடைசியா ஒண்ணு சேத்துச் சொல்லிட்டேன். வாய் சும்மா இருக்கல."

"பரவாயில்ல."

"சுத்தி இருக்கறவங்க என்னப் பாடகரம்மான்னு கூப்பிட்டுக் கை குலுக்கறாங்க, கிண்டலுக்கு. நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, நாற்பத்துநாலாம் நம்பர் டிராமைப் பிடிக்கப் போய்விட்டாள்.

ஹெட்விக் பேயறைந்தவள் மாதிரி வந்தாள். "யாரோ ஒருத்திய உக்கார வெச்சிட்டு... என்ன அண்ணி இது? அண்ணன்கிட்ட நான் என்ன சொல்றது?"

"வில்லையக் குடு."

அவள் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். ஹெட்விக் பையைத் திறந்து கொடுத்துவிட்டாள்.

மேடை வாசல் பக்கம் பனி மிதிபட்டுச் சேறாகிக் கிடந்தது. ஆல்ஃபோன்ஸ் முகப்பூச்சு சரியாகப் போகாத கன்னங்களோடு வெளியே வந்தார். சவரத்தில் வெட்டிய கீறல் சிவப்பாகத் தெரிந்தது.

"அந்த டாக்டர் ஒரு மடையன், புர்கி. உன் காதுக்கு ஒண்ணுமில்ல. வெறும் மூச்சு விட்டேன், அதுக்கே பதில் சொன்னியே."

"அது நான் இல்ல" என்றாள் வால்பர்கா.

அவர் நின்றார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "அது நான் இல்ல. பிரமாதம். அடுத்த ஞாயிறு அதையும் சேத்துக்கறேன். அதே முகத்தோட சொல்லணும், சரியா?"

ஹெட்விக் வாயைத் திறந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். அவள் வாய் தானாக மூடியதை வால்பர்கா பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிறு. அதற்கு அடுத்த ஞாயிறு. ஒவ்வொரு ஞாயிறும் யாரையாவது பிடித்து அந்த இருக்கையில் உட்கார வைத்துக்கொண்டே இருக்க முடியுமா? அவருக்கு இந்த விஷயம் இனிக்கத் தொடங்கிவிட்டது. சொல்லாமல் விடமாட்டார். இன்று இல்லாவிட்டால் என்றாவது ஒருநாள் அவள் காது மேடையிலிருந்து அந்தப் பேட்டைக்குள் இறங்கும்.

அப்போது திருமதி பிர்க்னர் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்களை நோக்கி வந்தாள். கறாரான பெண்மணி. பிள்ளையின் பாடத்துக்கு ஐந்து நிமிஷம் குறைந்தாலும் கடிகாரத்தைப் பார்ப்பவள். அவள் வால்பர்காவின் வலப்பக்கம் வந்து நின்று ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது. ‘செவ்வாய்க்கிழமை’ என்பது போல இருந்தது.

வழக்கமாக வால்பர்கா தற்செயலாகத் திரும்புவதுபோல் திரும்பி, "மன்னிக்கணும், இந்தக் காத்துல கேக்கல" என்பாள். இன்று காற்றே இல்லை.

"இந்தப் பக்கம் வாங்க" என்றாள். "எனக்கு வலது காது கேக்காது. இலையுதிர் காலத்துலயிருந்து. இடது காது நல்லா கேக்கும்."

பிர்க்னரம்மாளின் முகம் மாறியதை வால்பர்கா பார்த்தாள். போய்விட்டது, இந்த வீட்டுப் பிள்ளை போய்விட்டது என்று நினைத்தாள். ஆனால் சொல்லியாகிவிட்டது, இனி அதைப் பிடித்து இழுக்க முடியாது.

"அதான் பியானோ சுவர் மாறினதா?" என்று பிர்க்னரம்மாள் கடைசியில் கேட்டாள்.

"ஆமா."

"சாராயப் புட்டி உள்ள மாட்டிக்கிச்சு, அதனாலன்னு நெனச்சேன்." அவள் சிரிக்கவில்லை. மகளை இழுத்துக்கொண்டு சேற்றைச் சுற்றி நடந்து இடப்பக்கம் வந்து நின்றாள். "செவ்வாய்க்கிழம நாலு மணிக்குத்தானேன்னு கேட்டேன். இவ போன வாரம் அபசுரமா பாடறான்னு நீங்க சொன்னீங்களே, அது எனக்கே கேக்கல. உங்களுக்குக் கேட்டுச்சு."

"நாலு மணிதான்" என்றாள் வால்பர்கா. அவளுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கவில்லை.

அவர்கள் போனதும் ஆல்ஃபோன்ஸ் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய முகம் பொம்மையைப் பறிகொடுத்த குழந்தையின் முகமாக இருந்தது.

"சொல்லிட்டியா? நீயே சொல்லிட்டியா? அது எவ்வளவு நல்ல இடம் தெரியுமா? இனிமே நான் அடுத்த ஞாயிறு என்னத்தச் சொல்றது?"

அவர் அவளுடைய வலப்பக்கம் நின்றுதான் அதைச் சொன்னார். வால்பர்கா கோட்டின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டாள். திரும்பவில்லை.

"இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க" என்றாள். "ஒண்ணுமே கேக்கல."